விபத்தும் கடனும்: கேட்பது உரிமை, மறைப்பதே குற்றம்



சம்பா அறுவடை முடிந்து, நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையங்களின் வாசலில் காத்துக் கிடந்த நாட்கள் அவை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பள்ளிவாசலின் வெளி வாயிலருகே ஒரு பெண்மணி தம் மகனுடன் நின்றிருந்தார். "ஹஜ்ரத், உம்மா இரண்டு மஸ்அலா கேட்க வேண்டும் என்கிறார்கள்" என்றான் பையன்.

அவர்களுடைய கதை நம் காவிரிக் கரை ஊர்களுக்குப் புதியதன்று. தகப்பனார் மூன்று ஏக்கர் குத்தகைச் சாகுபடி செய்து வந்தவர். நான்கு மாதங்களுக்கு முன், இரவு வேளையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியவரை ஒரு லாரி இடித்துவிட்டது. இடது கால் நொறுங்கியது. ஊர்ப் பெரியவர்கள் இருவர் தலையிட்டு, லாரி உரிமையாளரிடம் இருபதாயிரம் ரூபாய் வாங்கிக் கொடுத்து, ஒரு தாளில் கையொப்பமும் பெற்றுக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவோ அதைப் போலப் பல மடங்கு. நகைகள் அடகுக்குப் போயின. மைத்துனர் ஜாமீன் கையொப்பமிட, வெளியிலும் கடன் வாங்கினார்கள். நடவு செய்ய ஆளில்லாமல் குத்தகையும் கைவிட்டுப் போயிற்று. இப்பொழுது கடன்காரர்கள் காலையும் மாலையும் வாசலில் நிற்கின்றார்கள்.

அந்தத் தாயின் கேள்விகள் இவை: "லாரிக்காரர் மீது வழக்குப் போடுவது அல்லாஹ்வின் விதியை எதிர்ப்பதாகுமா? கடனைக் கட்ட முடியாமல் மஞ்சள் கடிதாசி கொடுப்பது ஹராமா?"

அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். இதே கேள்விகளை மனத்துக்குள் வைத்துக்கொண்டு, வெட்கத்தால் வாய் திறவாமல் வாழும் குடும்பங்கள் பல உள்ளன. ஆகையால் அவற்றை இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன்.

விதி என்று விட்டுவிடலாமா?

நடந்தது இறைவனின் நாட்டப்படியே நடந்தது என்று நம்புவது ஈமானின் பகுதி. அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கை, தீங்கு செய்தவனின் பொறுப்பை அழித்துவிடுவதில்லை. தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டாலும், இறந்தவரின் குடும்பத்தாருக்கு ஈட்டுத் தொகை ஒப்படைக்கப்பட வேண்டும் என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் 92-ஆம் வசனம் விதிக்கின்றது. குடும்பத்தார் தாமாக விட்டுக்கொடுத்தால் அது தர்மம். கொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவன் மீதும் இக்கடமை விழுகின்றது என்பதைக் கவனியுங்கள். உயிருக்கு மட்டுமன்று, கை, கால், கண், பல் ஆகியவற்றின் சேதத்துக்கும் ஈட்டுத் தொகை உண்டென்று ஃபிக்ஹு நூல்கள் வகுத்துள்ளன. உயிருக்குரியதை 'தியத்' என்றும், உறுப்புச் சேதத்துக்குரியதை 'அர்ஷ்' என்றும் மதரஸாவில் நாம் ஓதியிருக்கின்றோம்.

இன்றைய நீதிமன்றம் அளிக்கும் இழப்பீடும் இதுவும் எல்லா வகையிலும் ஒன்றே என்று நான் கூறவில்லை. ஒருவனால் மற்றவனுக்கு நேர்ந்த சேதம் ஈடு செய்யப்பட வேண்டும் என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது. ஆகவே, இழப்பீடு கேட்பவர் விதியை எதிர்ப்பவர் ஆகார். விட்டுக்கொடுப்பது சிறப்பே, ஆனால் அது தெரிந்து, மனமொப்பிச் செய்வதாக இருக்க வேண்டும். சட்டம் அறியாமையாலும், பெரியவர்கள் முகத்துக்கு அஞ்சியும், பச்சிளம் பிள்ளைகளின் சோற்றை விட்டுக்கொடுப்பதற்குப் பொறுமை என்று பெயரிடலாகாது.

நம் மாவட்டமே இதற்குச் சாட்சி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்தப் பெற்றோர்கள் நெடுங்காலம் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத்தின் குற்ற வழக்குத் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்றுதான் வந்தது. போதிய இழப்பீடு வேண்டி அவர்கள் உயர் நீதிமன்றத்தையும் நாடினார்கள். பிள்ளையின் உயிருக்கு விலை பேசினார்கள் என்று எவரேனும் கூறத் துணிவரா? கணக்குக் கேட்கப்படாத கவனக்குறைவு மறுபடியும் பிறக்கும். கேட்பதில் ஊருக்கும் நன்மை உண்டு.

இழப்பீடு கேட்கும் வழி

சாலை விபத்துக்கு 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வழி காட்டுகின்றது. விபத்து நடந்த இடம், காயமுற்றவர் வசிக்கும் இடம், எதிர்த் தரப்பினர் வசிக்கும் இடம் ஆகிய இவற்றுள் எதற்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். அதிராம்பட்டினத்தார் ஒருவருக்குச் சென்னையில் விபத்து நேர்ந்தால், அவர் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை என்பது இதன் பொருள்.

காலக் கெடுவே முதன்மையானது. விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்னும் விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றுள்ளன. ஆயினும், வழக்கின் முடிவை நம்பிக் காத்திராமல் ஆறு மாதத்துக்குள் மனுவைக் கொடுத்துவிடுவதே அறிவுடைமை. அந்தத் தாய் வந்தபோது நான்கு மாதங்கள் கழிந்திருந்தன. இரண்டு மாதங்கள் மீதம் இருந்தன.

வேண்டிய ஆவணங்கள் யாவை? காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, சிகிச்சைச் சுருக்கம், மருந்துச் சீட்டுகள், ரசீதுகள், வருமானத்துக்கான ஏதேனும் ஆதாரம் ஆகியவை. குத்தகைச் சீட்டும், நெல் விற்ற பட்டியலும், வங்கிப் புத்தகமும்கூட வருமானத்தைக் காட்ட உதவும். ஒரு துண்டுச் சீட்டையும் எறிந்துவிடாதீர்கள்.

தொகையை எவ்வாறு கணக்கிடுகின்றார்கள்? மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானம், வலியும் வேதனையும், இனி வரும் சிகிச்சை, நிரந்தர ஊனத்தால் குறையும் வருவாய் என்று தனித்தனியாகப் பார்க்கின்றார்கள். மருத்துவர் தரும் ஊன விழுக்காடு மட்டுமே முடிவன்று. அந்த ஊனம் அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கின்றது என்பதே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் விளக்கியது. நாற்காலியில் அமர்ந்து கணக்கு எழுதுபவருக்குக் கால் ஊனம் ஒரு வகை. சேற்றில் இறங்கி நடவு பார்ப்பவருக்கு அது வேறு வகை.

எடுத்துக்காட்டாக, 38 வயதுடைய ஒருவர் மாதம் 12,000 ரூபாய் ஈட்டியவர் என்றும், அவருடைய உழைப்புத் திறனில் பாதி போயிற்று என்றும் கொள்வோம். 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்கு ஆண்டு வருமானத்தை 15-ஆல் பெருக்குவது 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. ஆண்டு வருமானம் 1,44,000. அதைப் 15-ஆல் பெருக்கினால் 21,60,000. அதில் பாதி 10,80,000 ரூபாய். ஏனைய செலவுகள் இதற்கு மேல். இருபதாயிரத்துக்குக் கையொப்பமிட்ட தாளை நினைத்துப் பாருங்கள்! அத்தகைய தாளில் ஒப்பமிட்டுவிட்டோமே என்று அஞ்சி முடங்கிவிடவும் வேண்டாம். அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வாங்கிய தொகையை மனுவில் மறைக்காமல் சொல்லுங்கள்.

லாரி ஓட்டியவர் மீது தவறு என்று மெய்ப்பிக்க இயலாத நிலையிலும், மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கோரச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. இடித்த வண்டி எது என்றே தெரியாவிடில், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின் வழியே கிடைக்கும். வருவாய்த் துறையின் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் உள்ளது. பணமில்லை என்று எவரும் காயமுற்றவரைச் சாலையோரம் கிடத்தி வைக்க வேண்டியதில்லை.

இழப்பீட்டுத் தொகையோடு தீர்ப்பாயம் வட்டியும் சேர்த்து வழங்குவது வழக்கம். அந்தப் பகுதி பற்றி மனத்தில் உறுத்தல் உள்ளவர்கள், தங்கள் உலமாவிடம் கேட்டு நடந்துகொள்ளட்டும். அதன் பொருட்டு மூலத் தொகையையே விட்டுவிடுவது சரியன்று.

வயலில் நேரும் விபத்து

டிராக்டரிலோ, கதிரடிக்கும் இயந்திரத்திலோ கூலியாள் ஒருவர் காயமுற்றால், அது சாலை விபத்து அன்று என்று கைவிரித்துவிட முடியாது. 2025 வரை நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இயந்திரங்களைக் கொண்டு செய்யும் விவசாய வேலையையும் தன்னுள் அடக்கியிருந்தது. வேலை வாங்கியவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி. அச்சட்டப்படி தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் இரண்டு ஆண்டுகளுக்குள் கோர வேண்டியிருந்தது. நிலம் வைத்திருக்கும் நம்மவர்கள் இதைத் தமக்குரிய எச்சரிக்கையாகவும் கொள்ள வேண்டும். ஆளின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம், அவன் குருதி சிந்தும்போது முகம் திருப்பச் சொல்லுமா?

மஞ்சள் கடிதாசி

இனி இரண்டாவது கேள்வி. கடனாளி நீதிமன்றத்தில் தன்னை நொடித்தவன் என்று அறிவிக்கக் கோருவதை ஊரார் 'மஞ்சள் கடிதாசி கொடுப்பது' என்றும், 'ஐ.பி. கொடுப்பது' என்றும் சொல்வார்கள். அச்சொல்லைக் கேட்டாலே குடும்ப மானம் போயிற்று என்று எண்ணுவோர் பலர். மானம் போகுமென்று அஞ்சி ஊரை விட்டு ஓடுகின்றார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ளும் பெரும் பாவத்துக்கும் ஆளாகின்றார்கள்.

அண்ணலார் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் வாங்கிய பழங்களில் பெரு நட்டம் ஏற்பட்டுக் கடன் மிகுந்துவிட்டது. அவருக்குத் தர்மம் கொடுக்குமாறு நபிகளார் மக்களை ஏவினார்கள். மக்கள் கொடுத்தது கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுமாறும், அதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்றும் கடன் கொடுத்தவர்களுக்கு அவர்கள் தீர்ப்பளித்தார்கள். அபூஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விளைச்சலை நம்பிக் கடன்பட்டு, விளைச்சல் பொய்த்துப் போனவரின் வழக்கு அது. குறுவைக்குத் தண்ணீர் வராமலும், சம்பா மழையில் மூழ்கியும் நொந்துபோன நம் விவசாயிகளுக்கு இதைவிட நெருக்கமான வழக்கு உண்டோ?

கடனாளியின் சொத்தைக் காஜி தம் பொறுப்பில் எடுத்து, கடன்காரர்களுக்குப் பங்கிடுவதை ஃபிக்ஹில் 'ஹஜ்ர்' என்பர். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் சுதந்திரமான பெரியவர் ஒருவரின் கையைக் கட்டுவதற்கு உடன்படவில்லை. அவர்களுடைய மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அது கூடும் என்றார்கள். ஆகவே நம் பகுதியில் ஹனஃபியாயினும் ஷாஃபிஈயாயினும், மஞ்சள் கடிதாசி என்னும் வழிமுறையே ஹராம் என்று கருத இடமில்லை.

சட்டம் தரும் மூச்சு

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற இடங்களில் இன்றளவும் 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே சாதாரணக் கடனாளிக்குப் பொருந்துகின்றது. 2016-இல் வந்த புதிய நொடிப்புச் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. உரிய அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு கடன், சொத்து என்னென்ன என்று ஒன்றும் விடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நொடித்தவர் என்று நீதிமன்றம் தீர்மானித்தால், அவருடைய சொத்து நீதிமன்றத்திடமோ அது நியமிக்கும் அலுவலரிடமோ போய்ச் சேரும். கடன்காரர்கள் நீதிமன்றத்தின் அனுமதியின்றி அவர் மீது தனித்தனியே வழக்குத் தொடுக்க இயலாது. ஆனால் அடமானம் பெற்றவரின் உரிமை அப்படியே நிற்கும். விவசாயியின் கலப்பை, உழவு மாடு, விதை நெல், அவர் குடியிருக்கும் வீடு, தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து காக்கின்றது; நொடிப்பிலும் அக்காப்பு உண்டு. கடனாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் உணவும் உடையும் விட்டுவைக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் எழுதியதும் இந்தக் கருணையால்தான்.

அதே 60-ஆம் பிரிவில், பலர் அறியாத ஒரு வரி உள்ளது. நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரும் உரிமையை ஜப்தி செய்ய முடியாது. எனவே, கடன்பட்டவர் என்பதால் விபத்து இழப்பீடு கேட்கும் உரிமை பறிபோய்விடுவதில்லை. மஞ்சள் கடிதாசி கொடுக்க எண்ணுபவரும் இழப்பீட்டு மனுவை விட்டுவிடக் கூடாது. ஆயினும், தொகை கைக்கு வந்தபின் அதன் நிலை வேறு. அதை மறைக்காமல், வழக்கறிஞர் வாயிலாக நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கும் நான் இதையே சொன்னேன்: முதலில் இழப்பீட்டு மனு, அதன் பின்னரே மற்றது பற்றிய யோசனை.

ஏமாற்றுபவனுக்கு இடமில்லை

மனுக் கொடுப்பதற்கு முன் வீட்டை மனைவி பெயருக்கு எழுதி வைப்பவர்கள் உண்டு. கேட்டால் மஹர் என்பார்கள்! மஹர் உண்மையான கடனே. மனைவியின் சொந்த நகையும் சொத்தும் அவருடையவையே. ஆனால் மற்றவர்களின் உரிமையைப் பறிக்க மஹரைத் திரையாக்குவது மார்க்கத்தையே கேடயமாக்குவதாகும். நொடிப்புக்கு முந்திய இரண்டு ஆண்டுகளில் இனாமாக எழுதி வைத்ததை நீதிமன்றம் செல்லாதென்று ஆக்கலாம். வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடைசி மூன்று மாதத்தில் கடனடைத்ததையும் அவ்வாறே ரத்துச் செய்யலாம். சொத்தையோ கணக்கையோ மறைத்தால் சிறையும் உண்டு.

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி நொடித்து, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அழிந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக்காகச் சிறை சென்றார். கடன் கொடுத்தவர்களுக்காக வாதாடியவர்களுள் ஒருவர், நம் திருவிடைமருதூரில் பிறந்த வி. கிருஷ்ணசுவாமி ஐயர். மக்களின் பணத்துக்கு நம்பகமான இடம் வேண்டும் என்று அவர் முன்னின்று முயன்றதால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. நொடித்ததற்காக எவரும் குற்றவாளி ஆவதில்லை, வஞ்சித்தவரே குற்றவாளி. 1980-இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் உச்ச நீதிமன்றத்தில் அளித்த தீர்ப்பும் இதே பாதையில் செல்கின்றது. கட்ட வழியில்லாத நாணயமான கடனாளியை, கட்டவில்லை என்பதற்காக மட்டும் சிறையில் அடைப்பது தகாது என்பது அதன் சாரம்.

இன்னும் இரண்டு செய்திகளை மறவாதீர்கள். நீதிமன்றம் கடனாளியை விடுவித்தாலும் ஜாமீன் கையொப்பமிட்டவர் விடுபடுவதில்லை. மைத்துனர் தலையில் சுமையை ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்க முடியாது. மேலும், நீதிமன்ற விடுதலை இவ்வுலகத்துக்கு உரியது. கடன் கொடுத்தவர் மனமொப்பி மன்னித்தாலன்றி, வசதி வரும்போது அசலைத் திருப்பித் தருவது நம் பொறுப்பில் நிற்கும். சட்டம் அவகாசமே தருகின்றது; கடனாளியின் நாணயம் அவர் கையில்தான் இருக்கின்றது.

கடன் கொடுத்தவர்களே!

நெருக்கடியில் உள்ளவனுக்கு வசதி வரும் வரை தவணை கொடுக்குமாறும், விட்டுக்கொடுப்பது இன்னும் நல்லதென்றும் இரண்டாம் அத்தியாயம் 280-ஆம் வசனம் நமக்கு அறிவுறுத்துகின்றது. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்று நபிகளார் கண்டித்ததும் உண்மை. இந்த இருவரையும் வேறுபடுத்திப் பார்ப்பதே நீதி.

2016 மார்ச்சில் ஒரத்தநாட்டுப் பகுதியில், டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைக் காவலர்கள் அடித்து இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்து வெட்கியது. கடன் பாக்கி ஒரு மனிதனின் முதுகை எவருக்கும் சொந்தமாக்கிவிடாது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003 முதல் தனிச் சட்டம் உள்ளது. மிரட்டப்படுபவர் காவல் துறையை நாடலாம்.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் கடனாளியும் ஒருவர் என்பதை நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் நினைவிற்கொள்ள வேண்டும். ரமலானில் வாசலில் வரிசை நிறுத்திச் சில்லறை கொடுப்பதைக் காட்டிலும், ஒரு குடும்பத்தின் கடனை முழுதாக அடைத்து நிமிர வைப்பது மேலன்றோ?

வழக்குக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், வட்டத்தில் அதன் குழுவும் நீதிமன்ற வளாகங்களிலேயே இயங்குகின்றன. 15100 என்னும் எண்ணிலும் கேட்கலாம். நான் இங்கே எழுதியது வழிகாட்டும் பலகை மட்டுமே. ஒவ்வொரு வழக்கின் நுணுக்கத்தையும் வழக்கறிஞரே பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பையன் நான் சொன்னவற்றைத் தன் பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். மறு வாரமே ஆவணங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, தாயும் மகனும் சட்ட உதவி கேட்கச் சென்றார்கள். மனு கெடுவுக்குள் பதிவாகிவிட்டது. தீர்ப்பு இனிமேல்தான் வர வேண்டும். ஜாமீன் நின்ற மைத்துனருக்கு ஜமாஅத் ஒரு பகுதியை ஜகாத் நிதியிலிருந்து கொடுத்து உதவ முன்வந்திருக்கின்றது.

உங்கள் தெருவிலும் இப்படியொரு வீடு இருக்கக் கூடும். அந்த வீட்டாரிடம், ஆறு மாதம் முடிவதற்குள், இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேருங்கள். வல்ல இறைவன் நம் அனைவரையும் கடனின் சுமையிலிருந்தும், பிறர் உரிமையைப் பறிக்கும் பாவத்திலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.